முகத்துவாரத்து இஞ்சின் பாஸ்ட கராஜ்: எத திருத்துறது, எத மாத்துறது எண்டு தெரிஞ்ச ஒரு இடம்

கொழும்புல சின்ன போட் இஞ்சின் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கிறாங்க, நல்லா பாக்கிற பாஸ், அதாவது மெக்கானிக், ஒராள் எங்க இருக்கிறார் எண்டு. நான் இப்ப யார் கேட்டாலும் ஒரு இடத்த மட்டும்தான் சொல்றன். முகத்துவாரத்துல, அளுத்மாவத்தை ரோட்டுல இருந்து கடல் பக்கமா இறங்குற ஒழுங்கை ஒண்டுல இருக்கு, தகரக் கூரை, முன்னுக்கு போர்ட் ஒண்டும் இல்ல, பேரும் இல்ல, அந்தப் பக்கத்து ஆக்கள் "இஞ்சின் பாஸ்ட கராஜ்" எண்டுதான் சொல்லுவாங்க. அவுட்போட், அதாவது போட்டுக்கு பின்னால வெளியில பூட்டுற இஞ்சின், மட்டும்தான் பாஸ் பாக்கிறார். உள்ளுக்கு போனா மரச் சட்டத்துல வரிசையா தொங்குற இஞ்சின் எல்லாம் யமஹா, இடைக்கிட ஒரு சுசுக்கி.

எங்கட இஞ்சின் யமஹா என்டியூரோ 15, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 246 சிசி. அப்பா எடுத்தது. 18 அடி ஃபைபர் போட்டுல பூட்டி களனி ஆத்து வாய்ப் பக்கம், சில நேரம் பிரேக்வோட்டர் தாண்டி வெளியவும் போவம், தூண்டில் போட வாற ஆக்களயும் கூட்டிட்டுப் போவம். 2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்ச பிறகு கடலுக்கு போக வேணாம் எண்டு சொல்லிட்டாங்க, இஞ்சின் சும்மா கிடந்திச்சு, அடுத்த வருஷம் எண்ணெய்க்கு வரிசை, திரும்பவும் சும்மா கிடந்திச்சு. கடல் இஞ்சினுக்கு ஓடுறதால வாற தேய்மானத்த விட ஓடாம கிடக்கிறதால வாற கேடுதான் மோசம். உள்ளுக்கு உப்பு காயும், காபரேட்டருக்குள்ள பெட்ரோல் பிசினாகும், குளிர்ற தண்ணிய மேல தள்ளுற ரப்பர் சக்கரம், அதுதான் இம்பெல்லர், அதுட இதழ் மடிஞ்ச மாதிரியே இறுகிப் போகும்.

முதல்ல கொண்டு போனது வேற ஒரு இடம். பேர் வேணாம். தண்ணி துப்புற ஓட்டையில தண்ணி மெலிசா வருது, இஞ்சின் சூடாகுது எண்டு சொன்னம், இம்பெல்லர மாத்தி ஒரு மணித்தியாலத்துல கையில தந்தாங்க. தொட்டியில ஓட விட்டுக் காட்டினாங்க, தண்ணியும் நல்லாத்தான் வந்திச்சு. பிறகு கடல்ல, ஃபுல் த்ரொட்டில்ல கொஞ்ச தூரம் போன உடனே திரும்பவும் தண்ணி மெலிஞ்சு, சத்தம் மாறி, இஞ்சின் இறுகி நிண்டிச்சு. கப்பல் போற வழிக்கு பக்கத்துல. மச்சான் துடுப்பு போட, வேற போட் ஒண்டு கயிறு தந்து இழுத்துக் கொண்டு வந்தாங்க. அந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டு போனா, "பவர்ஹெட் போயிட்டு, முழுசா மாத்துங்க, இல்லாட்டி புது இஞ்சினே எடுங்க" எண்டு சொன்னாங்க. பவர்ஹெட் எண்டா சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் எல்லாம் இருக்கிற மேல் பகுதி. திறந்து பாக்கவே இல்ல. ஸ்டார்ட் கயித்த ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டு சொன்னது.

முகத்துவாரத்து பாஸ் செஞ்ச முதல் வேல என்ன தெரியுமா, பழைய இம்பெல்லர் எங்க எண்டு கேட்டார். நல்ல காலம் அந்தப் பழைய சாமான்கள பையில போட்டு தந்திருந்தாங்க, நாங்களும் வீசல்ல. எடுத்து மேசையில வச்சம். கைல எடுத்து இதழ் இதழா விரிச்சுப் பாத்தார், ஒரு இதழ்ல பாதி இல்ல, இன்னொண்டுல நுனி இல்ல. "தம்பி, இந்தத் துண்டு எங்க போயிருக்கும்?" எண்டு என்னயப் பாத்து கேட்டார். இதுதான் முழு விஷயமும். இம்பெல்லர் உடைஞ்சா அந்த ரப்பர் துண்டு காத்தோட போறதில்ல, தண்ணி போற வழியிலயே மேல ஏறி எங்கயாவது இடுங்கின இடத்துல மாட்டிக்கும். புது இம்பெல்லர் போட்டாலும் வழி அடைச்சுத்தான் இருக்கும். கொஞ்ச வேகத்துல ஓடும்போது போற தண்ணி போதும், அதால தொட்டியில நல்லா தெரியும், லோட் வந்த உடனே போதாது. சூட்டுக்கேத்த மாதிரி தண்ணிய விடுற தேர்மோஸ்டெட், அதுட மூடிய கழட்டினார், அங்க உப்பு அடைச்சிருந்திச்சு, துண்டு இல்ல. கீழ இருந்து மேல போற தண்ணிக் குழாய கழட்டி கம்பி விட்டு தள்ளினார், சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு ரப்பர் ஒண்டு வெளிய விழுந்திச்சு. மத்த நுனியயும் தேடி எடுத்த பிறகுதான் அடுத்த வேலைக்கு போனார். உடைஞ்ச இதழோட அந்த துண்டுகள சேத்து வச்சுப் பாத்தார், சரியா பொருந்திச்சு, எல்லாம் வந்துட்டு எண்டு அப்பதான் சொன்னார்.

இத நான் இவ்வளவு நீட்டி எழுதுறதுக்கு காரணம் இருக்கு. சாமான் மாத்துறது யாருக்கும் ஏலும், பெட்டிய உடைச்சு போட்டா முடிஞ்சுது. அந்தச் சாமான் ஏன் போச்சு எண்டு தேடுறதுக்குத்தான் காசு குடுக்க வேணும்.

பாஸ்ட வழக்கம் இதுதான், கழட்டுற ஒவ்வொரு சாமானயும் மேசையில ரெண்டு பக்கமா வைப்பார். ஒரு பக்கம் மாத்துறது, மத்தப் பக்கம் திருத்துறது. ஏன் அந்தப் பக்கம் வச்சார் எண்டு கேட்டா சொல்லுவார், கேக்காட்டியும் பாதி சொல்லுவார். மாத்துற பக்கத்துல எப்பவும் போறது ரப்பரும் கடதாசியும்: இம்பெல்லர், ஓயில் சீல், ஓ ரிங், கேஸ்கட், பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் ஏத்த கையால அமத்துற பல்ப். இதுகள்ல பேச்சுவார்த்தையே இல்ல. "இன்னும் ஒரு சீசன் ஓடும் பாஸ், நல்லாத்தானே இருக்கு" எண்டு ஒரு அண்ணன் சொல்லிட்டிருந்தார், அவர்ட இம்பெல்லர பாஸ் வெளிய எடுத்துக் காட்டினார், இதழ் எல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சு அப்பிடியே நிண்டிச்சு, விரலால நிமித்தினாலும் திரும்ப சரியுது. "ரப்பர திருத்த ஏலாது அண்ணே, கடல்ல நிண்டா இதப் போல நூறு இம்பெல்லர் காசு போயிடும்." இம்பெல்லர் விலை எண்டு பாத்தா ஒரு நாள் கடலுக்கு போற எண்ணெய்க் காசுக்குள்ள வரும். ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க எண்டுதான் அவர் சொல்றது, நானும் அதத்தான் சொல்லுவன். அதோட இம்பெல்லர் மட்டும் மாத்தினா போதாது, அது சுத்துற கிண்ணமும் அடியில இருக்கிற தகடும் கீறு விழுந்திருக்கா பாக்க வேணும், மணல் தண்ணியில ஓடுற போட்டுக்கு கட்டாயம் கீறு இருக்கும். களனி ஆத்து வாயில மணல் இல்லாத நாள் இருக்கா?

கழட்டும்போதே ஒரு விஷயத்த கவனிச்சன். கீழ்ப் பகுதிய பிடிக்கிற போல்ட் ஒண்டு இறுகிப் போய் இருந்திச்சு, அலுமினியத்துக்குள்ள ஸ்டெயின்லெஸ் போல்ட், உப்புத் தண்ணி, சொல்லவே வேணாம். வேற இடமெண்டா நீளக் குழாய ஸ்பேனர்ல மாட்டி ஒரே முறுக்கு, தல உடையும், பிறகு ட்ரில் அடிச்சு, ஓட்டைய கெடுத்து, "கேஸிங் மாத்த வேணும்" எண்டு வரும். இவர் எண்ணெய் விட்டு வச்சிட்டு வேற இஞ்சின் பாக்கப் போனார், பிறகு வந்து சூடாக்கினார், கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் தளத்தி, திரும்ப எண்ணெய், அப்பிடியே மெதுவா முழுசா எடுத்தார். திருப்பி பூட்டும்போது மரையில மரீன் கிரீஸ் பூசித்தான் பூட்டினார். இந்தப் பொறுமைக்கே தனியா ஸ்டார் குடுக்கலாம்.

இப்ப பவர்ஹெட். முதல் இடத்துல "போயிட்டு" எண்டு சொன்னது. பாஸ் சிலிண்டருக்குள்ள அமுக்கத்த அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பாத்தார், ஒரு சிலிண்டர் நல்லா இருக்கு, மற்றது நல்லா குறைவு. ரெண்டுக்கும் நடுவுல நூத்துக்கு பத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா திறக்கத்தான் வேணும் எண்டார். திறந்தா மேல் பிஸ்டன்ட எக்ஸோஸ்ட் பக்கம் உராஞ்சு, அலுமினியம் சிலிண்டர் சுவர்ல அப்பியிருக்கு. பாக்கவே வயித்தக் கலக்கிச்சு. ஆனா அவர் பயப்படல்ல, சிலிண்டர்ட உள் அகலத்த அளக்கிற போர் கேஜ எடுத்து மேல, நடுவுல, கீழ, திரும்ப குறுக்குப் பக்கமும் அளந்தார், ஒரு கடதாசியில எழுதினார். சிலிண்டருக்குள்ள இருக்கிறது இரும்பு ஸ்லீவ், அதுல இன்னும் தடிப்பு இருக்கு, 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்குது, அதுக்குப் பிறகு 0.50ம் இருக்கு, அப்ப என்னத்துக்கு புது பிளொக் எண்டார். அளவு லிமிட்டுக்குள்ள இருந்திருந்தா ரிங் மட்டும் போட்டு ஹோன் பண்ணினா, அதாவது உள் சுவர லேசா தேய்ச்சு விட்டா, போதும், எங்களுக்கு மேல் சிலிண்டர் தாண்டிட்டு, அதால ரெண்டயும் ஒரே சைஸுக்கு வெட்டுவம் எண்டு முடிவு.

வெட்டுற வேலைக்கு அவருக்கு மெஷின் இல்ல, தெரிஞ்ச லேத் ஒண்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்த உடனே அவர் பாத்தது சைஸ இல்ல, போர்ட் விளிம்ப. டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவர்ல ஜன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்குமே, போர் வெட்டின பிறகு அந்த ஓட்டை விளிம்பெல்லாம் கத்தியா நிக்கும், அத கொஞ்சம் சாய்ச்சு மழுக்காட்டி ரிங் அதுல மாட்டி உடைஞ்சுடும். லேத்துல அத செஞ்சுதான் அனுப்பியிருந்தாங்க, இவர் அப்பவும் விரல் விட்டு தடவி ஒரு இடத்துல திருப்தியில்லாம தானே சின்ன கல்லால தேய்ச்சார். பிஸ்டன், ரிங், பின், சர்க்ளிப், சின்ன பக்க பேரிங் எல்லாம் புதுசு. சர்க்ளிப் பாக்க நல்லா இருந்தாலும் கழட்டினத திரும்ப போட மாட்டார், அது ஒண்டு கழண்டா போட்ட காசு முழுக்க போச்சு.

கிராங்க் பழசே. இத நான் கேட்டன், பிஸ்டன் போனா கிராங்கும் போயிருக்காதா பாஸ் எண்டு. பிஸ்டனயும் கிராங்கயும் இணைக்கிற கனெக்டிங் ரொட்ட கையில பிடிச்சு காட்டினார், பக்கவாட்டுல கொஞ்சம் ஆடுது, அது ஆடத்தான் வேணும், மேல கீழ இழுத்தா துளியும் அசைவு இல்ல. மேல கீழ ஆடினாத்தான் பேரிங் போயிட்டு எண்டு அர்த்தம். துருவும் இல்ல, ஆனா கிராங்க் சீல் மட்டும் கட்டாயம் மாத்த வேணும் எண்டு பிடிவாதமா நிண்டார். சீல் லீக் ஆனா வெளிக்காத்து உள்ள வரும், பெட்ரோல் கலவை மெலியும், அதோட கலந்து வாற ஓயிலும் குறையும், புதுசா போட்ட பிஸ்டன் திரும்ப பிடிக்கும். பிஸ்டன் மாத்தி கொஞ்ச நாள்ல திரும்ப போச்சு எண்டு கத சொல்ற ஆக்கள்ட இஞ்சின்ல இதத்தான் நான் முதல்ல கேப்பன் இனி.

கியர் பக்கம். கீழ் திருகாணிய கழட்டினா எண்ணெய் பால் டீ மாதிரி வந்திச்சு, அப்பிடியெண்டா தண்ணி உள்ள போயிட்டு. ப்ரொப்பெல்லர் நட்ட கழட்டி ப்ரொப்பெல்லர வெளிய இழுத்தா பின்னுக்கு வொஷருக்கு அங்கால நைலோன் தங்கூசி சுத்தி சுத்தி உருகி வளையமா இறுகிக் கிடக்கு. தூண்டில் ஆக்கள கூட்டிட்டு போற போட் தானே. அந்தத் தங்கூசிதான் சீல்ட உதட்ட வெட்டியிருக்கு. சீல் ரெண்டும் மாத்துற பக்கம் போச்சு. ஷாஃப்ட் எந்தப் பக்கம் எண்டு நான் பாத்துக் கொண்டே இருந்தன், ஏனெண்டா ஷாஃப்ட் விலை சும்மா இல்ல. பாஸ் நகத்த வச்சு ஷாஃப்ட்டுல இழுத்தார், என்னட விரலயும் பிடிச்சு இழுக்க வச்சார், சீல் உக்காந்த இடத்துல மெலிசா ஒரு பள்ளம் நகத்துல தட்டுது. ஆழமா இருந்தா மாத்த வேணும், இல்லாட்டி மெலிசு ஸ்லீவ் ஒண்டு போடலாம், இது அவ்வளவு இல்ல, சீல கொஞ்சம் வெளியால உக்கார வச்சா உதடு பள்ளமில்லாத புது இடத்துல படும் எண்டார். அப்பிடித்தான் செஞ்சார். பூட்டின பிறகு எண்ணெய் விட முந்தி கியர் கேஸுக்குள்ள கொஞ்சமா காத்து அடிச்சு தண்ணித் தொட்டியில அமத்தி வச்சார், குமிழி ஒண்டும் வரல்ல. பிறகுதான் கியர் ஓயில், அதுவும் கீழ் ஓட்டையால அமத்தி மேல் ஓட்டையால வழியிற வரைக்கும். மேலால ஊத்துற ஆக்களும் இருக்கிறாங்க, காத்து உள்ள நிண்டு எண்ணெய் குறைஞ்சு போகும்.

சீல் வாங்க எங்களத்தான் வாகன சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினார். பேரிங்கும் சீலும் சைஸ் நம்பர் அடிச்சுத்தான் வரும், நம்பர் சொன்னா அங்க கிடைக்கும், ஒரிஜினல் பெட்டியில வாறத விட நல்லா குறைவு. ஆனா ஒரு விஷயம் சொல்லித்தான் அனுப்பினார்: சீலுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ்ஸா எண்டு பாக்க வேணும், வேன், லொறிக்கு வாற சீல்ல சாதா இரும்பு ஸ்பிரிங், கடல் தண்ணியில துரு பிடிச்சு அறுந்துடும். கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, வெளிய பாத்தா ஒரே மாதிரி. பேரிங் வெளிய வாங்கலாம், சீல் பாத்து வாங்கலாம், இம்பெல்லரும் தேர்மோஸ்டெட்டும் மட்டும் ஒரிஜினல் தவிர வேற போட மாட்டார். எனக்கும் அது சரியாத்தான் படுது. பிளக்குல கூட போலி வருது, என்ஜிகே பி7எச்எஸ்-10 எண்டு பெட்டியில இருக்கும், உள்ளுக்கு மரை கரடுமுரடா இருக்கும், நம்பிக்கையான கடையில மட்டும் எடுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்றன். காபரேட்டர் மாத்தல்ல, கழட்டி ஜெட் எல்லாம் கழுவி, நீடிலும் கேஸ்கட்டும் புதுசு, அவ்வளவுதான். சைனா காபரேட்டர் முழுசா குறைஞ்ச விலைக்கு வருது, அத போட்டா ஐட்லிங் பிடிக்காது எண்டு ஒரேயடியா மறுத்துட்டார். பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற சிடிஐ யுனிட்ட மல்டிமீட்டர்ல பாத்து நல்லம் எண்டு விட்டார், முதல் இடத்துல அதயும் மாத்தச் சொன்னாங்க. ஸ்டார்ட் கயிறு மாத்தினார், ஸ்பிரிங் பழசு.

ப்ரொப்பெல்லர் பத்தி கொஞ்சம் சொல்ல வேணும். அலுமினியம், ஒரு இதழ் கல்லுல அடிபட்டு நுனி சுருண்டு போய் இருந்திச்சு. அத ஆர்கன் வெல்டிங்ல நிரப்பி மத்த இதழ் அளவுக்கு தேய்ச்சு எடுக்கலாம், எடுத்தாங்க, இப்ப அதிர்வே இல்ல. ஆனா இதழ் நல்லா இருந்தாலும் நடுவுல இருக்கிற ரப்பர் புஷ் வழுக்கினா இஞ்சின் கத்தும், போட் போகாது, கனபேர் கியர் போயிட்டு எண்டு நினைச்சுடுவாங்க. பாஸ் சொல்லித் தந்த வழி: ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்கிற உள் வளையத்துக்கும் வெளி உடம்புக்கும் குறுக்கால பெயின்ட்ல ஒரு கோடு போட்டுட்டு நல்லா ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு விலகியிருந்தா புஷ் வழுக்குது. சில்லறக் காசும் செலவில்ல. ஸ்டெயின்லெஸ் ப்ரொப்பெல்லர் போடலாமா எண்டு மச்சான் கேட்டதுக்கு வேணாம் எண்டார், கல்லுல அடிச்சா அலுமினியம் வளையும், ஸ்டெயின்லெஸ் வளையாது, அடி முழுக்க கியருக்கு போகும்.

எண்ணெய் விஷயத்துல அவர் கொஞ்சம் கோபப்படுவார், சரியான கோபம்தான். த்ரீவீலுக்கு போடுற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஓயில போட் இஞ்சின் பெட்ரோலோட கலக்கிற பழக்கம் இந்தப் பக்கம் நிறைய. அது காத்துல குளிர்ற இஞ்சினுக்கு செஞ்ச எண்ணெய், எரிஞ்ச பிறகு சாம்பல் விடும். தண்ணியில குளிர்ற அவுட்போட்டுக்கு டிசி-டபிள்யூ3 எண்டு போத்தல்ல போட்டிருக்கிறத்தான் எடுக்க வேணும், அதுல சாம்பல் இல்ல. ரிங் ஒட்டிப் போய் வாற இஞ்சின்ல பாதி இந்த எண்ணெயாலதான் எண்டு அவர் சொல்றார். அடுத்தது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே நாள்ல 340க்கு போச்சு, அது வரைக்கும் பெட்ரோல் இஞ்சினுக்கும் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினவங்க நிறைய பேர். மண்ணெண்ணெய்க்கு எண்டே செஞ்ச இஞ்சின் இருக்கு, கம்ப்ரெஷன் குறைவு, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடான பிறகு மாத்துவாங்க, நிப்பாட்ட முந்தி திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி காபரேட்டர சுத்தமாக்கித்தான் நிப்பாட்டுவாங்க. பெட்ரோல் இஞ்சினுக்கு அத ஊத்தினா தட்டும், கரி பிடிக்கும், பிஸ்டன் தல ஓட்டையாகும். பாஸ் அலுமாரியில அப்பிடி ஓட்டையான பிஸ்டன் ஒண்டு வச்சிருக்கிறார், யாரும் கதைக்க வந்தா எடுத்துக் காட்டுறதுக்கு.

புது இஞ்சின் எடுத்தா என்ன எண்டு வீட்டுலயும் பெரிய கத நடந்திச்சு. 2022ல டொலர் 200ல இருந்து 360 வரைக்கும் போன பிறகு இஞ்சின் விலையும் சாமான் விலையும் எங்கயோ போயிட்டு, பிறகு ரூபா கொஞ்சம் ஏறினாலும் பழைய விலைக்கு வரவே இல்ல. இப்ப ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்தா எண்ணெய் செலவு குறையும், புகை இல்ல, சத்தம் இல்ல, அதெல்லாம் உண்மை. ஆனா அதே 15 குதிரைவலுவுக்கு பதினஞ்சு கிலோ அளவு பாரம் கூட, ஒவ்வொரு நாளும் இஞ்சின கழட்டி தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு வாற எங்கள மாதிரி ஆக்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல, போட்ல விட்டுட்டு வந்தா காலைல இருக்குமா எண்டும் தெரியாது. எங்களுக்கு வந்த மொத்தச் செலவு, லேத், சாமான், கூலி எல்லாம் சேத்து, புது இஞ்சின் விலையில காவாசியும் வரல்ல. ரூபா கணக்கு எழுதல்ல, சாமான் விலை மாசத்துக்கு மாசம் மாறுது, நீங்க போற அண்டைக்கு கேட்டுக்கோங்க.

எல்லாத்தயும் திருத்தலாம் எண்டு சொல்ற ஆள் இல்ல அவர், அதயும் சொல்ல வேணும். நாங்க இருக்கும்போது ஹேந்தல பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் 25 குதிரைவலு இஞ்சின் ஒண்டு கொண்டு வந்தார், வெளிய பெயின்ட் எல்லாம் புதுசா அடிச்சு பளபளப்பா இருந்திச்சு. பாஸ் தல மூடிய கழட்டி, தண்ணி போற பாதைட சுவர்ல ஸ்க்ரூட்ரைவர் நுனிய வச்சு லேசா அமத்தினார், அப்பிடியே உள்ள போயிட்டு. அலுமினியம் முழுக்க அரிச்சு வெள்ளத் தூளா இருக்கு. "அண்ணே, இதுக்கு இனி காசு போடாதீங்க, கியர் கேஸ் நல்லம், அத யாருக்காவது சாமானுக்கு வித்துட்டு வேற பாருங்க" எண்டார், பாத்த கூலி கூட எடுக்கல்ல. அந்த இஞ்சின்ல சிங்க் அனோட் இருந்த இடத்துல ஒண்டுமே இல்ல, இன்னொரு அனோட்டுக்கு மேல பெயின்ட் அடிச்சு வச்சிருக்கு. அனோட் கரையத்தான் வச்சிருக்கு, அது கரைஞ்சாத்தான் இஞ்சின் கரையாது, பெயின்ட் அடிச்சா அது வேல செய்யாது. பாதி கரைஞ்ச உடனே மாத்துங்க, பெரிய காசும் இல்ல.

குறையும் இருக்கு. வேல ஆறுதல், நாளைக்கு எண்டு சொன்னா நாளைக்கு இல்ல, லேத்துல லேட், சாமான் வரல்ல எண்டு இழுபடும். தினமும் கடலுக்கு போய் சம்பாதிக்கிற ஆளுக்கு இது பெரிய பிரச்சின, மாத்து இஞ்சின் ஒண்டும் தர மாட்டார். பில் எழுதித் தாற பழக்கம் இல்ல, அந்தக் கடதாசித் துண்டுல எழுதின கணக்குதான், கேட்டா தருவார், நான் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சன், நீங்களும் எடுத்து வைங்க. சாமான் வாங்க நாமளே அலைய வேணும், பஞ்சிகாவத்தை வெயில்ல அது லேசு இல்ல, ஆனா விலை நம்ம கண்ணுக்கு முன்னால இருக்கு. ஃபியூல் இன்ஜெக்ஷன் ஃபோர் ஸ்ட்ரோக் பாக்க மாட்டார், கம்பியூட்டர் போட்டு பாக்கிற இடத்துக்கு போங்க எண்டு நேராவே சொல்லிடுவார். ஃபோன் எடுக்கிறதும் குறைவு. உக்கார இடம் எண்டா கவுத்து வச்ச எண்ணெய்க் கேன் தான். சிங்களமும் தமிழும் ரெண்டும் சரளம், அதால கதைக்க பிரச்சின இல்ல.

புது பிஸ்டன் போட்ட பிறகு முதல் 10 மணித்தியாலம் 25க்கு 1 கலவை, அதாவது 10 லீட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி ஓயில், ஃபுல் த்ரொட்டில் இல்ல. அதுக்குப் பிறகு 50க்கு 1, 10 லீட்டருக்கு 200 மில்லி. இத கேன்லயே மார்க்கரால எழுதித் தந்தார். இப்ப ஒரு சீசன் முழுக்க ஓடிட்டு, கயிறு ரெண்டாவது இழுப்புல பிடிக்குது, தண்ணி துப்புறது கைய வச்சா தள்ளுற அளவுக்கு வருது, கியர் ஓயில் கழட்டிப் பாத்தம், தெளிவா இருக்கு. ஒவ்வொரு தரமும் வந்த உடனே நல்ல தண்ணி டேங்க்ல பத்து நிமிஷம் ஓட்டுறம், ப்ரொப்பெல்லர அடிக்கடி கழட்டி தங்கூசி சுத்தியிருக்கா பாக்கிறம்.

போக நினைக்கிற ஆக்கள் தென்மேற்குக் காத்து தொடங்க முந்தி, ஏப்ரல் கடைசியிலயே குடுத்துடுங்க. மே பிறந்து கடல் கொந்தளிச்ச உடனே எல்லாரும் இஞ்சின தூக்கிட்டு வருவாங்க, பிறகு ஓகஸ்ட் வரைக்கும் வரிசைதான். ஞாயித்துக்கிழம பூட்டு. கடல் பக்கம் இறங்க முந்தி காளி கோயில்ல இருந்து வாற ஆக்கள்ட்ட கேட்டாலும் ஒழுங்கைய காட்டுவாங்க, இஞ்சின த்ரீவீல்ல கொண்டு போறதெண்டா பெட்ரோல காபரேட்டர்ல இருந்து முழுசா வடிச்சுட்டு கொண்டு போங்க, பழைய சாமான் ஏதும் மாத்தி வச்சிருந்தா அதயும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, முதல்ல அதத்தான் கேப்பார்.